செல்லாக் காசு சொல்லும் சரித்திரம்

பயனற்ற மனிதனைச் 'செல்லாக் காசு' என்று இகழ்வது தமிழ் வழக்கு. கடைத்தெருவில் அந்த இகழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் சரித்திர ஆராய்ச்சியில் நிலைமை வேறு. செல்லும் காசு கைமாறிக் கைமாறித் தேய்ந்து, கடைசியில் உருக்கப்பட்டோ எரிக்கப்பட்டோ மறைந்துவிடுகிறது. செல்லாக் காசோ யாருக்கும் வேண்டாததாகிப் பெட்டியின் அடியிலே கிடந்து, தான் பிறந்த காலத்திற்குச் சாட்சியாக நிலைத்துவிடுகிறது.

காஜாங், செமினி, பாங்கி முதலிய உலு லங்காட் வட்டார ஊர்களிலும், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலும் நெடுங்காலம் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் இத்தகைய செல்லாக் காசு ஒன்றிரண்டு இருக்கக் காணலாம். பாட்டியின் தகரப் பெட்டியில், பழைய பிறப்புச் சான்றிதழுக்கும் கப்பல் பயணச் சீட்டுக்கும் நடுவே மடித்து வைக்கப்பட்டிருக்கும் அந்தத் தாளில் வாழைமரமும் குலையும் அச்சிடப்பட்டிருக்கும். 'ஜப்பான்காரன் நோட்டு' என்றும் 'வாழைமர நோட்டு' என்றும் நம்மவர் அதனை அழைத்தனர். மலாய்க்காரர் 'டுவிட் பீசாங்' என்றனர். சேகரிப்போர் சந்தையில் அதன் சாதாரண வகைக்கு இன்று பெரிய விலை இல்லை. எனினும் அது ஒரு தொழிலாளியின் கூலியாக வந்த தாள். அந்தக் கூலிக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கூறும் தாள். போர்க்கால நாணயங்களைச் சேகரிக்கும் கலையை இந்த ஒரு கேள்வியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெருக்கடி நாணயம் எது?

அரசாங்கம் வெளியிடும் முறையான நாணயம் கிடைக்காத காலத்தில், அதற்குப் பதிலாக வேறொருவர் வெளியிடும் காசையோ சீட்டையோ நெருக்கடி நாணயம் என்பர். ஜெர்மானியர் இதனை 'நோட்கெல்ட்' என்று கூறுவர். நெருக்கடிப் பணம் என்பதே அதன் நேர்ப்பொருள். வெளியிடுபவர் ஒரு நகரசபையாக இருக்கலாம். வணிகர் சங்கமாக இருக்கலாம். ஆலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றின் முதலாளியாகவும் இருக்கலாம்.

ஆலை முதலாளி பணம் அச்சிடுவானேன் என்று கேட்கலாம். காரணம் எளிது. போர் தொடங்கியவுடன் மக்கள் வெள்ளியையும் செம்பையும் பதுக்குகிறார்கள். அரசாங்கமும் உலோகத்தைத் தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் திருப்பிவிடுகிறது. வங்கியிலிருந்து சில்லறை வருவது நின்றுபோகிறது. ஆனால் சனிக்கிழமை தவறாமல் வருகிறது; அன்று ஆயிரம் பேருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அப்போது முதலாளி, "இந்தச் சீட்டைக் கொண்டுவருபவருக்கு இன்ன தொகை தருவேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறான். அந்தக் கையொப்பத்தின் மீதுள்ள நம்பிக்கையே அச்சீட்டுக்கு மதிப்பைத் தருகிறது.

ஆகவே நெருக்கடி நாணயம் ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இதன் விலை என்ன?" என்பதன்று. "இதில் வாக்களித்தவர் யார்? அவர் வாக்கைக் காப்பாற்றினாரா?" என்பதே கேள்வி.

கொழும்பு ஆலைகளின் காசு

தமிழர் வாழ்ந்த நாடுகளில் ஆலைக் காசுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இலங்கையே. அது போரினால் எழுந்ததன்று. சில்லறைத் தட்டுப்பாட்டினால் எழுந்தது. ஆயினும் ஆலைக் காசின் இயல்பை அறிய அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு காப்பிக்குப் பெயர்பெற்றிருந்தது. தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பறித்த காப்பி, மேல்தோல் நீக்கப்பட்டு, மாட்டு வண்டிகளிலும், 1867க்குப் பின் கண்டியிலிருந்து இரயிலிலும் கொழும்புக்கு வந்து சேர்ந்தது. கொழும்பு ஆலைகளில் அதனை உலர்த்தி, உமி நீக்கி, கெட்ட கொட்டைகளைக் கையால் பொறுக்கி எடுப்பர். இந்தப் பொறுக்கும் வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வேலை முடிந்த அளவுக்கு ஏற்ப அவர்களுக்கு உலோக வில்லைகள் வழங்கப்பட்டன. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த ஆலை வெளியிட்ட வில்லைகள் இன்றும் சேகரிப்போரிடையே மதிப்புடையவை.

இவ்வில்லைகளில் காணப்படும் '19 சதம்' என்னும் விசித்திரமான தொகை பலருக்கும் வியப்பளிக்கும். பத்தொன்பது சதத்திற்குக் காசு அடிப்பார் உண்டோ? விடை பழைய கணக்கில் இருக்கிறது. இலங்கையின் பழைய ரிக்ஸ் டாலர் பன்னிரண்டு 'பனம்' கொண்டது. அதன் மதிப்பு ஒன்றரை ஷில்லிங். 'பனம்' என்று ஐரோப்பியர் எழுதியது நம் தமிழ்ச் சொல்லாகிய 'பணம்' என்பதே. ஒரு பணத்துக்கு ஒன்றரைப் பென்னி. மூன்று பணத்துக்கு நாலரைப் பென்னி. நாலரைப் பென்னி என்ற தொகையைத் தாங்கிய வில்லைகளும் உள்ளன. 1872இல் ரூபாயும் சதமும் நிலைபெற்றபோது, இரண்டு ஷில்லிங் ஒரு ரூபாய் ஆயிற்று. நாலரைப் பென்னியைச் சதமாக மாற்றினால் பதினெட்டே முக்கால் வரும். அதனை முழுமையாக்கிப் 'பத்தொன்பது' என்றனர். அரசாங்கம் கணக்கை மாற்றியது. ஆலைப் பெண்ணின் கூலியோ அதே மூன்று பணத்தில் நின்றது. ஒரு சிறு வில்லை இத்தனை செய்தியைத் தாங்கி நிற்கிறது.

1869இல் காப்பி இலையில் தோன்றிய துரு நோய் அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அத்தொழிலையே அழித்தது. ஆலைகள் ஓய்ந்தன, வில்லைகள் எஞ்சின. எச். டபிள்யூ. காட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட 'இலங்கை நாணயங்களும் செலாவணியும்' என்னும் ஆங்கில நூல் இலங்கை நாணய ஆராய்ச்சிக்கு இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

ஆலைக் காசில் ஒரு தீமையும் உண்டு. முதலாளியின் சீட்டு முதலாளியின் கடையில் மட்டும் செல்லுமானால், கூலியைக் கொடுத்த கையே அதைத் திரும்பப் பறித்துக்கொள்ளும். சுமத்திராவின் புகையிலைத் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இத்தகைய தோட்டக் காசுகளை வழங்கின. கூலியை நாட்டின் முறையான நாணயத்திலேயே கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் 1831இலும், இந்தியாவில் 1936இலும் சட்டங்கள் இயற்றப்பட்டமைக்கு இந்தத் தீமையே காரணம்.

அந்நியப் படையும் உள்ளூர்ப் பணமும்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது ஐரோப்பாவெங்கும் சில்லறை மறைந்தது. ஜெர்மன் படை பெல்ஜியத்தையும் வட பிரான்ஸையும் பிடித்துக்கொண்டது. அங்கிருந்த மக்கள் தங்கள் நாட்டு வங்கிகளிலிருந்து துண்டிக்கப்பட்டனர். நகரசபைகளும் சிற்றூர்ச் சபைகளும் தாமே சீட்டுகளை அச்சிட்டு, 'சமாதானம் வந்தபின் பணம் தருவோம்' என்ற உறுதியுடன் வழங்கின. ஜெர்மனியிலோ இவ்வழக்கம் போருக்குப் பின்னும் வளர்ந்து, 1922, 1923ஆம் ஆண்டுகளின் பெரும் பணவீக்கத்தில் உச்சத்தை எட்டியது. ஆலைகளும் இரயில்வேக்களும் தம் தொழிலாளருக்கென இலட்ச, கோடி மார்க் சீட்டுகளை அச்சிட்டன. பீலபெல்டு நகரத்துச் சேமிப்பு வங்கி பட்டிலும் லினன் துணியிலும் நோட்டு வெளியிட்டது. மைசன் நகரத்துப் புகழ்பெற்ற பீங்கான் ஆலை பீங்கானிலேயே காசு செய்தது. பிற்காலத்தவற்றில் பல, செலவழிக்க அல்ல, சேகரிப்போருக்கு விற்கவே செய்யப்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாம் உலகப் போரில் இரு எதிரெதிரான காட்சிகளைக் காண்கிறோம். போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்த சேரியில் 1940இல் தனிச் சீட்டுகள் வழங்கப்பட்டன. அடைபட்டோர் தம்மிடமிருந்த உண்மைப் பணத்தைக் கொடுத்து இச்சீட்டுகளைப் பெற வேண்டியிருந்தது. வேலிக்கு வெளியே அவை செல்லா. அங்கே நெருக்கடி நாணயம் ஒரு விலங்காயிற்று.

பிலிப்பைன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஜப்பானியர் இறங்கியதும், 1941 டிசம்பரில், மாகாணங்கள் நெருக்கடி நோட்டு வெளியிட அந்நாட்டு அரசாங்கம் அனுமதி தந்தது. காடுகளிலும் மலைகளிலும் கிடைத்த தாளில், கிடைத்த மையில், மரக்கட்டை அச்சில் கூட அந்நோட்டுகள் அச்சாயின. அவற்றை வைத்திருப்பதே குற்றம் என்று ஜப்பானியர் கடுந்தண்டனை விதித்தனர். ஆயினும் மக்கள் அவற்றைப் புதைத்து வைத்துக் காத்தனர். அவற்றிலே உள்ளூர் அதிகாரிகளின் கையொப்பம் இருந்தது. வரிசை எண் இருந்தது. மீட்கப்படும் என்ற உறுதி இருந்தது. போருக்குப் பின் பதிவு பெற்ற வெளியீடுகள் பலவற்றுக்கு மதிப்பளிக்கவும் பட்டது. ஜப்பானியர் அச்சிட்ட அழகிய பெசோ நோட்டுகளோ 'மிக்கி மவுஸ் பணம்' என்று நகைக்கப்பட்டுக் குப்பைக்குப் போயின.

மலாயாவில் சில்லறைத் தாள்கள்

நம் நாட்டிலும் சிறுகாசுத் தட்டுப்பாடு புதிதன்று. பகாங்கின் ஈயக் காசாகிய 'தம்பாங்' 1893 வரை புழக்கத்தில் இருந்தது. ஈயச் சுரங்கங்களின் சீன முதலாளிகள் 'ஜோக்கோ' எனப்படும் காசுகளை அடித்து வழங்கினர். முதல் உலகப் போரின்போது நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் 1917 முதல் பத்துக் காசுத் தாள்களை வெளியிட்டது. இரண்டாம் போர் நெருங்கியதும் மலாயா நாணய ஆணையாளர்கள் 1941 ஜூலை 1 தேதியிட்ட ஒரு காசு, ஐந்து காசு, பத்துக் காசுத் தாள்களை அச்சிட்டனர்.

இந்தியாவில் 1943இல் நடுவே துளையிட்ட காலணா வந்தது. செம்பை மிச்சப்படுத்தும் பொருட்டு வந்த அந்த 'ஓட்டைக் காலணா'வைத் தமிழகத்தில் அறியாதார் இலர். மோர்வி, ஜூனாகத், பிகானீர் போன்ற சமஸ்தானங்கள் அட்டைச் சீட்டுகளைக் காசுக்குப் பதிலாக வழங்கின. இலங்கை அரசாங்கம் 1942இல் வெளியிட்ட ஐந்து சத நோட்டு இவற்றுள் மிக விநோதமானது. தபால் தலைபோல நடுவே துளைவரிசை இட்டிருந்த அதனைக் கிழித்தால் ஒரு பக்கம் இரண்டு சதமாகவும் மறுபக்கம் மூன்று சதமாகவும் செல்லும்.

இவையனைத்தும் ஒருவகைப்பட்டவை: பொருள் இருந்தது, சில்லறை இல்லை, ஆகவே சீட்டு வந்தது. மலாயாவில் 1942க்குப் பின் வந்த நிலைமை இதற்குத் தலைகீழானது.

காஜாங்கிலிருந்து ஒரு பார்வை

காஜாங் இன்று சாத்தேவுக்குப் பெயர்போன ஊர். மலாயா ரப்பரின் வரலாற்றிலும் அதற்கு முக்கிய இடம் உண்டு. 1890களின் நடுவில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இங்குள்ள இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டனர். மலாயாவில் வணிக நோக்குடன் நடந்த முதல் ரப்பர்ப் பயிர்களுள் அது ஒன்று. பின்னர் இவ்வட்டாரமெங்கும் தோட்டங்கள் பரவின. கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கிராணி செக்ரோலில் பேர் பதிந்தபின் பால்வெட்டுக்குச் செல்வது அவர்கள் வாழ்க்கையாயிற்று.

அவர்கள் கூலி எவ்வளவு? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தை நினைவுகூர்ந்தால் விடை கிடைக்கும். நாள் ஒன்றுக்கு 50 காசாக இருந்த கூலியை 60 காசாக உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. அதனை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, தொழிலாளர் உயிரிழந்தனர். பத்துக் காசுக்காக உயிர் கொடுத்த காலம் அது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியப் படை கோலாலம்பூரில் நுழைந்தது. தெற்கு நோக்கிப் போகும் இரயில் பாதையில் அமைந்த காஜாங்கும் உடனே அவர்கள் வசமாயிற்று. படையோடு பணமும் வந்தது. ஒரு காசு முதல் பத்து வெள்ளி வரை அச்சிட்ட தாள்கள் முன்பே தயாராக இருந்தன. ஐம்பது காசில் விசிறிவாழை. ஒரு வெள்ளியில் ஈரப்பலா. ஐந்து வெள்ளியில் தென்னையும் பப்பாளியும். பத்து வெள்ளியில் வாழை. பார்க்க அழகிய நோட்டுகள்தாம்.

ஆனால் உற்றுநோக்குங்கள். 'ஜப்பானிய அரசாங்கம், கேட்டவுடன் பத்து வெள்ளி கொடுப்பதாக வாக்களிக்கிறது' என்று அந்த வாழைமர நோட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. ஜப்பானிய முத்திரையும் இருக்கிறது. ஆனால் எந்த அதிகாரியின் கையொப்பமும் இல்லை. தேதி இல்லை. வங்கியின் பெயர் இல்லை. எங்கே போய்க் கேட்டால் பத்து வெள்ளி கொடுப்பார்கள் என்ற விவரம் இல்லை. 'மலாயா' என்ற நாட்டின் பெயர்கூட இல்லை. 'எம்' என்னும் ஆங்கில எழுத்து ஒன்றே அதற்கு அடையாளம். பர்மாவுக்கு 'பி', பிலிப்பைன்ஸுக்கு 'பி' எனவே ஒலிக்கும் வேறோர் எழுத்து, டச்சுக் கிழக்கிந்தியாவுக்கு 'எஸ்' என்று ஒரே ஏற்பாட்டில் நாடுகள்தோறும் நோட்டு பிரிக்கப்பட்டது. முதலில் வந்த ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளில் வரிசை எண்ணாவது இருந்தது. பின்னர் அதுவும் மறைந்து எழுத்துகள் மட்டும் எஞ்சின. எண்ணில்லாத நோட்டை எவ்வளவு அச்சிட்டார்கள் என்று யார் கணக்குக் கேட்பது?

கொழும்பு ஆலையின் செப்பு வில்லையில் ஆலையின் பெயர் உண்டு. பிலிப்பைன்ஸ் மலைக்காட்டு நோட்டில் மனிதரின் கையொப்பம் உண்டு. ஒரு பேரரசின் நோட்டில் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லை.

பணம் மிகுந்து பண்டம் குறைந்த கதை

பழைய மலாயா வெள்ளிக்கு ஈடாக இப்புதிய நோட்டு செல்ல வேண்டும் என்பது ஆணை. உலோகக் காசும் பழைய நோட்டும் உடனே பதுங்கின. சீனச் சமூகத்தின் மீது ஐந்து கோடி வெள்ளி கட்டாய நன்கொடை விதிக்கப்பட்டதும் பழைய பணத்தை உறிஞ்சி எடுத்தது. வெளிநாட்டு வாணிகம் நின்றமையால் ரப்பருக்குக் கிராக்கி இல்லை. பால்வெட்டு நின்ற தோட்டங்களில் மரங்களை வெட்டி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டனர். போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. கப்பல் நின்றதும் அரிசி அளவுமுறையாயிற்று. அளவும் மாதத்துக்கு மாதம் குறைந்தது.

இந்நிலையில் ஆட்சியாளர் மேலும் மேலும் நோட்டு அச்சிட்டனர். மிகுந்த பணத்தை மீண்டும் இழுக்க 1943 முதல் லாட்டரிச் சீட்டுகளை நடத்தினர். அஞ்சலகச் சேமிப்பை வற்புறுத்தினர். பயனில்லை. விலைகள் நூறு மடங்கும், இறுதி மாதங்களில் அதனினும் பன்மடங்கும் ஏறின. ஒரு காசு, ஐந்து காசுத் தாள்கள் எதற்கும் உதவாமற்போயின. அச்சறையிலிருந்து வந்த புதுமை மாறாமல் அவை இன்று ஏராளமாகக் கிடைப்பதற்கு இதுவே காரணம். மறுபுறம் நூறு வெள்ளியும், 1945இல் ஆயிரம் வெள்ளியும் சாதாரண நோட்டுகளாயின.

நெருக்கடி நாணயத்தின் இலக்கணம் இங்கே தலைகீழாவதைக் காண்க. சில்லறை இல்லாதபோது முதலாளி சீட்டு அச்சிடுவான். நோட்டு மலைபோல் குவிந்து சோறு இல்லாதபோது, சீட்டு அச்சிட்டு என்ன பயன்? அப்போது பண்டமே பணமாகிறது. அரிசி, உப்பு, சோப்பு, சிகரெட்டு, கொய்னா மாத்திரை, துணி ஆகியவை மலாயாவின் உண்மை நாணயங்களாயின. தோட்டத் தொழிலாளி வெள்ளிக் கணக்கில் கூலி எவ்வளவு என்று கேட்பதை விட்டு, அரிசி எத்தனை காத்தி என்று கேட்கத் தொடங்கினான். துணிக்கு வழியின்றிச் சாக்கை உடுத்தியோரும் உண்டு. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் திரட்டியபோது கூலி, உணவு என்று காட்டிய ஆசைக்கு எத்தனையோ பேர் இணங்கியதும், வேறு பலரைப் பிடித்தே சென்றதும் நாடறிந்தவை. போன பல்லாயிரம் மலாயாத் தொழிலாளரில் மீளாதார் தொகை மிகப் பெரிது. அவர்களுக்கு அளந்த கூலியும் இந்தக் காகிதமே.

இக்காலத்து நோட்டுகளுள் நம் நெஞ்சைத் தைப்பது ஒன்று உண்டு. ஆக்கிரமிப்பின் பிற்பகுதியில் வந்த நூறு வெள்ளி நோட்டில் வாழையும் இல்லை, தென்னையும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர் படமே இருக்கிறது. நாள் ஐம்பது காசு கூலிக்கு அது இருநூறு நாள் உழைப்பு. 1945இன் நடுவில் அதே நூறு வெள்ளி சில காத்தி அரிசிக்கே காணவில்லை. தோட்டத் தொழிலாளியின் உருவத்தை நோட்டில் அச்சிட்ட அதே கை, அவன் உழைப்பை மதிப்பற்றதாக்கியது.

1945க்குப் பின்

1945 ஆகஸ்டு 15இல் ஜப்பான் பணிந்தது. செப்டம்பர் 9இல் பிரிட்டிஷ் படை கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் இறங்கியது. ஜப்பானிய நோட்டு செல்லாது என்று பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் அறிவித்தது. அதற்குப் பதிலாக எதையும் மாற்றித் தரவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த, 1941 ஜூலை 1 தேதியிட்ட மலாயா நோட்டுகள் புழக்கத்திற்கு வந்தன. மூன்றரை ஆண்டு சேர்த்த நோட்டு ஒரே நாளில் சிறுவர் விளையாட்டுக் காகிதமாயிற்று. சாக்கடையில் எறிந்தவர் பலர், அடுப்பெரித்தவர் பலர்.

நோட்டு செத்தாலும் அதனால் நடந்த கொடுக்கல் வாங்கல் சாகவில்லை. போருக்கு முன் நல்ல வெள்ளியில் கடன் வாங்கியோர் பலர், ஆக்கிரமிப்புக் காலத்தில் வாழைமர நோட்டைக் கொடுத்துக் கடனைத் தீர்த்துப் பத்திரத்தை மீட்டுக்கொண்டனர். வாங்க மறுக்க அஞ்சி வாங்கிக்கொண்டவர்களில் நகரத்தார் வட்டிக்கடைக்காரரும் பலர். அந்தக் கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? 1948இல் வந்த கடனாளி-கடனீந்தோர் (ஆக்கிரமிப்புக் காலம்) சட்டம் இச்சிக்கலை ஒழுங்குபடுத்த முயன்றது. மாதவாரியாக ஜப்பானிய நோட்டின் மதிப்பு எவ்வாறு சரிந்தது என்ற அட்டவணை ஒன்றும் வகுக்கப்பட்டது. நீதிமன்றங்களில் வழக்குகள் நீண்டன.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பத்திரம் வைத்திருந்தோர்க்குச் சட்டம் ஓர் அளவுகோலைத் தந்தது. பெட்டியில் கூலி நோட்டை மட்டும் வைத்திருந்த பால்வெட்டுக்காரிக்கு அளவுகோல் ஏதும் இல்லை. 1967 செப்டம்பரில் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி பெறுமான மானியம் தர உடன்படிக்கை ஏற்பட்டது. அது நாட்டுக்குக் கப்பல்களாக வந்தது. தனி மனிதர் கையிலிருந்த நோட்டு நோட்டாகவே நின்றது. ஹாங்காங்கில் இராணுவ யென் வைத்திருந்தோர் தொடுத்த வழக்கையும் டோக்கியோ நீதிமன்றம் 1999இல் தள்ளிவிட்டது. ஆகவே 'ஜப்பான்காரன் நோட்டுக்குப் பணம் தரப்போகிறார்கள்' என்று அவ்வப்போது எழும் பேச்சை நம்பி எவரிடமும் கட்டணம் செலுத்தி ஏமாற வேண்டா.

சேகரிப்போர் கவனத்திற்கு

இனி, இத்துறையில் ஆர்வங்கொள்ளும் இளைஞர்க்குச் சில குறிப்புகள். முதலாவது, வரிசை எண்ணுள்ள ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டுகளே அரியவை. எழுத்து மட்டும் உள்ளவை மலிந்தவை. அரிய நோட்டென்று அதிக விலை சொல்வோரிடம் எண்ணைக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குக.

இரண்டாவது, பழைய நோட்டுகளின்மேல் பிற்காலத்தில் முத்திரையும் வாசகமும் குத்தி, அபூர்வப் பொருளாக விற்போர் உண்டு. புதிதாக அச்சிட்ட போலிகளும் உண்டு. நல்ல நோட்டு ஒன்றை அருகில் வைத்துத் தாளையும் அச்சையும் ஒப்பிடுவதே சிறந்த பாதுகாப்பு. கோலாலம்பூரில் நாட்டின் மைய வங்கி நடத்தும் அரும்பொருட்சாலையில் உண்மையான நோட்டுகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். 1968இல் தோன்றிய மலேசிய நாணயவியல் சங்கமும், சரண் சிங் எழுதிய நாணயக் களஞ்சியமும் துணைபுரியும்.

மூன்றாவது, நம் நாட்டு ஈரக் காற்று தாளுக்குப் பகை. நோட்டைச் சலவைப் பெட்டியால் தேய்ப்பதும், பசை நாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக்கில் உருக்கி மூடுவதும் கூடா. மென்மையான பிளாஸ்டிக் உறைகள் காலப்போக்கில் ஒட்டி மையைக் கெடுக்கும். அமிலமற்ற தாளுறையில் தட்டையாக வைத்து, உலர்ந்த இடத்தில் பாதுகாப்பதே முறை.

நான்காவதும் தலையாயதும் ஒன்று உண்டு. நோட்டைத் தனியாக வாங்கிச் சேர்ப்பதைக் காட்டிலும், அது கிடந்த பெட்டியின் கதையைச் சேர்ப்பது மேல். யார் வைத்திருந்தார்? எந்தத் தோட்டம்? எதற்குக் கிடைத்த கூலி? ஏன் எறியாமல் வைத்தார்? இவற்றைக் கேட்டு, நோட்டின்மேல் எழுதாமல் உறைக்குள் தனித்தாளில் எழுதி வையுங்கள். பழைய செக்ரோல் ஏடு, அரிசி அட்டை, லாட்டரிச் சீட்டு, அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றையும் உடன் காப்பாற்றுங்கள். விலைப்பட்டியலில் இவற்றுக்கு இடமில்லாவிட்டாலும் வரலாற்றில் இவையே அரியன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புகளாக மாறிவிட்ட உலு லங்காட்டில், லயம் இருந்த இடத்தைக் காட்டவே இன்று ஆளில்லை. அந்த வாழ்வைக் கூறும் எழுத்துச் சான்றுகளும் போய்விட்டால், பிறர் எழுதியதே நம் சரித்திரமாகிவிடும்.

எறியாது வைத்தது ஏன்?

செல்லாது என்று தெரிந்தும் அந்தப் பாட்டி ஏன் நோட்டை எறியவில்லை? ஒரு நாள் செல்லும் என்ற நப்பாசை சிலருக்கு இருந்திருக்கலாம். ஆனால் ஆசை தீர்ந்த பின்னும் பலர் வைத்திருந்தனர். வெயிலிலும் அட்டைக்கடியிலும் உழைத்துப் பெற்றதைக் குப்பையில் போட மனம் ஒப்பவில்லை என்பதே உண்மையாயிருக்க வேண்டும். அந்தத் தாளில் அச்சிட்ட வாக்குப் பொய்த்தது. அதற்காக அவள் செய்த வேலை பொய்யன்று.

கையொப்பமில்லாத அந்த வாக்குக்கு இனிப் பணம் கேட்க இயலாது. ஆனால் கணக்குக் கேட்கலாம். நோட்டையும் அதன் கதையையும் ஒருங்கே காத்து வைப்பவர் அந்தக் கணக்கை எழுதிவைப்பவர் ஆவார். ஆதலால் அடுத்த முறை பழைய பெட்டியைத் துப்புரவு செய்யும்போது, வாழைமரம் போட்ட தாள் ஒன்று கண்ணில் பட்டால், அதனை எறியுமுன் வீட்டிலுள்ள மூத்தோரை அழைத்து, 'இது எப்படி நம் வீட்டுக்கு வந்தது?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.